பழைய ஃபைலில் தங்கிவிட்ட வரி

எங்கள் கடையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. செத்தவன் பேனரில் கொன்றவன் வரக்கூடாது.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷமாக ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் வரும் போகும். வருஷம் முழுக்கக் குறையாமல் வருவது கண்ணீர் அஞ்சலி மட்டும்தான். கூட்ஸ் ஷெட் பக்கம் ஒருவனைப் பட்டப்பகலில் ஓட ஓட வெட்டியிருப்பார்கள். செருப்பு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் கிடந்ததைத் தெருவே பார்த்திருக்கும். அவன் தம்பி ரத்தம் காயாத சட்டையோடு வந்து என் எதிரில் உட்காருவான். நான் "அகால மரணம்" என்று அடிப்பேன். வெட்டியவன் பெயர் கடையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

ஒரே ஒரு தடவை, ஓனர் இல்லாத நேரத்தில், ஒருவன் அழுத அழுகையில் மனம் இளகி "துரோகிகளின் கையால் வீழ்ந்த" என்று போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் ஆகவில்லை. அந்தத் துரோகிகளில் ஒருவனின் போட்டோ எங்கள் கடைக்கே வந்தது, கண்ணீர் அஞ்சலிப் பேனர் போட. அன்றைக்கு ஓனர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். நான் திருப்பி அடிக்கவில்லை. எனக்குக் கோபம் அதிகம், ஆனால் அந்த அறை நியாயமானது.

அதற்கப்புறம் சட்டத்தை மீறியது அந்தக் கப்பல் பேனரில்தான், கப்பலில் செத்த ஒரு பையனுக்குப் போட்டது. அதுவும் ஓனர் சொல்லித்தான்.

எந்த நாடு, எந்தக் கடல் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிற நீங்கள் உடனே ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்துகொள்வீர்கள். எங்கள் தெருவில் அதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். எங்கோ ஒரு கடல், அதன் கரையில் ஒரு நாடு, அந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு கூட்டம். கப்பல்களை அடிப்பது அவர்களுடைய போர்முறை. அவர்கள் அடித்த ஒரு சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் எங்கள் தெருப் பையன் வேலை பார்த்தான். இருபத்தாறு வயது. கப்பலில் இருந்தது கோதுமை.

அவன் அப்பா ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முதல் ஆளாக நிற்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் நைனா. கப்பல் எரிகிற வீடியோ ஒன்று செய்தியில் வந்ததை யாரோ அவர் ஃபோனுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போன வேறொரு கப்பலிலிருந்து எடுத்தது. முதல் நொடியிலேயே கப்பல் எரிந்துகொண்டிருக்கும். புகைக்கு நடுவில் மேல்தளத்திலிருந்து ஒரு மனிதன் நெருப்போடு கடலில் குதிப்பான். அது தன் மகனா இல்லையா என்று நைனா டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டிக் கேட்பார். நானே நாற்பது ஐம்பது தடவை பார்த்திருப்பேன். இரண்டு வாரம் கழித்து வந்த சவப்பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லி மூடியபடியே கொடுத்தார்கள். தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். உள்ளே எடையே இல்லை.

பேனர் போட உட்கார்ந்தபோது நைனா கேட்டார், "கொன்னவன் இன்னா சாதாரண ஆளா? தீவிரவாதிடா. அத்த போட மாட்டியா?"

நான் ஓனரைப் பார்த்தேன். ஓனர் யோசிக்கவே இல்லை. "போடு, போடு. அவனுங்க இங்க வந்தா வெட்டப்போறானுங்க?" என்றார்.

கடல் படத்தைப் பின்னால் வைத்து, நங்கூரம் வரைந்து, அடியில் சிவப்பு ரிப்பனில் போட்டேன்: "பயங்கரவாதிகளின் கோழைத்தனமான தாக்குதலில் உயிர்நீத்த எங்கள் குலவிளக்கே." தெருவில் எல்லோரும் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். இந்தத் தெருவில் யாருக்கு ஆள் இல்லையோ அவனைப் பற்றி எதையும் எழுதலாம் என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அந்த ரிப்பன் நிறம்தான் முக்கியமாக இருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு பெரிய நாட்டின் விமானப்படை போய், கப்பலை அடித்த அந்தக் கூட்டம் ஆயுதம் இறக்குகிறது என்று சொல்லி அவர்கள் நாட்டுத் துறைமுகம் ஒன்றைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியது. கிரேன்கள் முறிந்து விழுவதை டீக்கடை டிவியில் பார்த்தோம். நைனா ஓடிப்போய் ஒரு டப்பா லட்டு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அழுதுகொண்டேதான் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். அன்றைக்கு ஆர்டர் ஒன்றும் இல்லாததால் இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பெரியவர் மட்டும் லட்டை எடுக்கவில்லை. "அங்கயும் உன்ன மாதிரி ஆர்பர்ல வேல செய்யறவன்தானே செத்திருப்பான்? யூனிபாரம் மாட்டிகினு போட்டா போரு, லுங்கி கட்டிகினு போட்டா தீவிரவாதமா?" என்றார்.

"இவங்க சொல்லிட்டு போட்டாங்க," என்றார் நைனா. "வெலகிப் போங்கன்னு நோட்டீஸ் வுட்டாங்க. எம்புள்ளைக்கு எவன் சொன்னான்? சோறு வட்ச்சிகினு இருந்தவன்மேல போட்டான்."

"சொல்லிட்டு வெட்டினா வெட்டு இல்லயா?"

எனக்கு எரிச்சல் வந்தது. லட்டு வாயில் இருக்கும்போதே அந்தப் பெரியவர்மேல் பாய்ந்தேன். "போருன்னா நாலு பேரு சாவத்தான் செய்வான். அதுக்காக சும்மா குந்தினு இருப்பாங்களா?" என்று கத்தினேன். பேச்சு முற்றி அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். டீ மாஸ்டர்தான் வந்து பிரித்துவிட்டார். ஜெயித்துவிட்ட நினைப்பில் கடைக்கு வந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இரண்டு சந்து தள்ளி இருப்பவள், காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலைக்குப் போகிறவள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். அவள் புருஷன் வெல்டர். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் கான்ட்ராக்டில் இருந்தான், பிறகு கிரேன் ரிப்பேர் வேலைக்கு வெளிநாடு போனான் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். எந்த நாடு என்று நான் கேட்டதில்லை. அவள் பையிலிருந்து அவன் பழைய வேலை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் இருந்த போட்டோதான் அவனுடைய நல்ல போட்டோவாம்.

"பேனர் போடணும்ணா," என்றாள்.

நாலு பேர் சாவான் என்று சொன்னேனே, அதில் ஒருவன் இவன்.

அவள் அழவில்லை. சாமான் பட்டியல் சொல்கிற மாதிரி சொன்னாள். "மொத குண்டு வுய்ந்தப்போ அவுருக்கு ஒண்ணும் ஆவலண்ணா. போன் பண்ணாரு. நான் நல்லாதான் கீறேன், கிரேனுக்கு அடியில ரெண்டு பேரு மாட்டிகினு கத்தறானுங்க, கேஸ் கட்டர் எடுத்துகினு போறேன், அப்பால பேசறேன்னாரு. நான் போவாதன்னேன். வெட்டி எடுக்க இங்க வேற ஆளு இல்லன்னு சொல்லிட்டு வெச்சிட்டாரு. அர மணி நேரம் கய்ச்சி திரும்பி வந்து அதே எடத்துல போட்டானுங்களாம். காப்பாத்தப் போனவங்க அத்தினி பேரும் பூட்டாங்க."

உடல் வரவில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் தேடியும் சேர்த்துக் கட்டி அனுப்புகிற அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லையாம். ஒரு தாள் மட்டும் வந்திருந்தது. அதை நான் படித்தேன். அதில் சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் "சம்பவம்" என்று இருந்தது.

என் வேலைமுறையைச் சொல்லியாக வேண்டும். புதிதாக எந்த டிசைனும் நாங்கள் போடுவதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, போட்டோவை மாற்றி, பெயரை மாற்றி, தேதியை மாற்றி வேறு பெயரில் சேவ் செய்துவிடுவோம். கொருக்குப்பேட்டையில் கல்யாணம் ஆனவர்களில் பாதிப் பேர் ஒரே மாலையைத்தான் போட்டிருப்பார்கள். வெல்டருக்கும் கடல், துறைமுகம் வேண்டும் என்று நைனா மகனின் ஃபைலைத் திறந்தேன். அட்டையிலிருந்த போட்டோவை ஸ்கேன் பண்ணி வெட்டி ஒட்டினேன். அந்த அரை மணி நேரக் கணக்கு என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன். அடியில் இருந்த சிவப்பு ரிப்பனை நான் பார்க்கவே இல்லை. ஓனர் திருவொற்றியூர் போயிருந்தார். அப்படியே பிரிண்டுக்குப் போய்விட்டது.

சந்து முனையில் பேனரைக் கட்டினார்கள். பிணம் இல்லாத வீட்டில் பேனர்தான் பிணம். பெண்கள் அதன் முன்னால் மாரடித்துக்கொண்டு அழுதார்கள். அவன் அம்மா அந்தப் பிளாஸ்டிக் வாயருகே வாய்க்கரிசி போட்டாள். அரிசி சறுக்கி ரிப்பன் வழியாகக் கீழே கொட்டியது. அப்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன். பயங்கரவாதிகளின் கோழைத்தனமான தாக்குதலில். கழற்றலாம் என்று பக்கத்தில் போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் அவன் விதி, போருன்னா அப்டித்தான்னு சொல்லிகினு கீறாங்கண்ணா. நீ ஒருத்தன்தான் கரெக்டா எய்தின," என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

பழைய ஃபைலிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நைனா வந்தார். கையில் ஆர்பர் கொக்கி. மூட்டை தூக்குகிறவர்கள் கையில் வைத்திருப்பது: மரக் கைப்பிடி, வளைந்து கூரான இரும்பு முனை. அதை எப்போது பரணிலிருந்து எடுத்தாரோ தெரியாது. நேராகப் பேனரிடம் போய், வெல்டரின் இடது கண்ணில் கொக்கியை மாட்டி, கீழே ஒரே இழுப்பு இழுத்தார். கண், கன்னம், வாய், கழுத்து எல்லாம் இரண்டாகக் கிழிந்தது. அந்தச் சத்தத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்தப் பெண் வீட்டுக்குள்ளிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்து, தொங்கிய பாதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளைய கொன்னவனுக்குப் போட்ட வார்த்த அது!" என்று நைனா கத்தினார். "எம்புள்ளைக்காவ குண்டு போட்டவனுக்கு அத்தயே போடுவீங்களா? அவனும் இவனும் ஒண்ணா?"

"உம்புள்ளைக்காவ எம்புருசன ஏன்யா கொல்லணும்? எம்புருசனா உம்புள்ளைய கொன்னான்?"

"வெலகுங்கன்னு சொன்னாங்கல்ல? நோட்டீஸ் வுட்டாங்கல்ல?"

"எந்த பாஷையில வுட்டாங்க? அவுரு தமியே எய்த்துக் கூட்டித்தான் பட்ப்பாரு!"

நைனா கொக்கியை மறுபடி ஓங்கினார். இந்தத் தடவை பேனர்மேல் ஓங்கினாரா, அதைக் கட்டிப்பிடித்திருந்தவள்மேல் ஓங்கினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் நடுவில் போய்க் கையைக் கொடுத்தேன். கொக்கி முழங்கைக்குக் கீழே சதையில் இறங்கி எலும்பில் முட்டி நின்றது. அவர் உருவினார். சதையும் கூடவே வந்தது.

அடுத்து நடந்ததை நான் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான். பேனர் சட்டத்திலிருந்து முறிந்து கிடந்த ரீப்பர் கட்டையை எடுத்து, ஆணியோடு, என் பலம் அத்தனையும் சேர்த்து அவர் தோளில் இறக்கினேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அவர் விழுந்த பிறகும் ஒரு அடி அடித்தேன். முதல் அடி அவரைத் தடுக்க. இரண்டாவது எதற்கென்று எனக்குத் தெரியும்: அடிக்க ருசியாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த அறுபத்தைந்து வயது மனிதன், தரையில் கிடக்கிறவன்.

பிறகு அவர் அண்ணன் பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கவிழ்த்துப் போட்டு மிதித்தார்கள். முகத்தில், விலாவில், ஏற்கெனவே கிழிந்த கையில். செத்துவிடுவேன் என்று பட்டதும் வாயில் வந்தது உண்மைதான்: "மிஸ்டேக்கு! பய்ய ஃபைலு! தெரியாம வந்திச்சி, சத்தியமா தெரியாம வந்திச்சி!"

மிதி நின்றது. ரத்தத்துக்கு நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெண் பாதிப் பேனரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த அடியும் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் என்னையும் நைனாவையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எனக்குக் கையில் தையல், அவருக்குத் தோள்பட்டையில் கட்டு. யார் அடித்தது என்று டாக்டர் கேட்டார். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றார் நைனா. நானும் மாடிப்படி என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே படியிலயா?"

"ஆமா சார்," என்றோம் இரண்டு பேரும்.

டாக்டர் எழுதிக்கொண்டு போனார். எங்கள் பேட்டையில் அடித்தவன் பெயரை அடிபட்டவன் சொல்லமாட்டான். அந்த வழக்கத்தால் எத்தனையோ தடவை நான் பிழைத்திருக்கிறேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் என் கையை ஒருதரம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். அதே வேலை அட்டையை அதே இடத்தில் வைத்தாள்.

"அந்த வரி தெரியாமத்தான் வந்திச்சாண்ணா?"

"ஆமாம்மா."

என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "சரி. இந்த தபா தெரிஞ்சே போடு," என்றாள்.

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஃபைலைத் திறந்தேன். ரிப்பனில் வரி அப்படியே இருந்தது. ஒன்றும் செய்யாமல் பிரிண்ட் கொடுத்தாலே போதும், வந்துவிடும். ஓனர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "எத்த போடறதுன்னாலும் போடு. நாளைக்கு இன்னொருத்தன் வெட்டு பட்டு வுய்ந்தா அவன் போட்டோவுக்கு நீதான் மால போடணும்," என்றார். என் கை வலித்தது. விலா வலித்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். பயந்துவிட்டேன் என்பதுதான் சரி. வரியை அழித்துவிட்டு "அகால மரணம்" என்று அடித்தேன்.

அவள் வந்து, சுருட்டிக் கொடுத்ததை அங்கேயே பிரித்தாள். கடைசி வரைக்கும் படித்தாள். ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதோ உளறினேன்.

"மார்க்கர் கீதாண்ணா?"

சைஸ் குறிக்க வைத்திருக்கும் கறுப்பு மார்க்கரைக் கொடுத்தேன். கடைத் தரையில் பேனரை விரித்து, மண்டி போட்டு, புருஷன் முகத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். அந்த வார்த்தையைத்தான் எழுதப்போகிறாள் என்று நினைத்தேன். பயங்கரவாதம் என்றும் எழுதவில்லை, போர் என்றும் எழுதவில்லை. எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, "குண்டு போட்டு கொன்னாங்க. ரெண்டு தபா" என்று எழுதினாள். மை காய்வதற்கு ஊதிவிட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். மார்க்கரை மேஜைமேல் வைத்தவள் என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பேனரை யாரும் கிழிக்கவில்லை. கட்டிய மூன்றாவதோ நான்காவதோ நாள், அடிபட்ட கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி நைனா கடை வாசலில் வந்து நின்றார். நான் எழுந்தேன். அடிக்க வந்திருந்தால் அடி வாங்கிக்கொள்வது என்றுதான் எழுந்தேன். அவர் உள்ளே வந்து, வாடிக்கைக்காரர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு எய்திகீதே, ரெண்டு தபான்னு."

"ஆமா நைனா."

"அதுக்குத் தெரிஞ்சிகீது. எம்புள்ள கப்பல எத்தினி தபா அட்ச்சானுங்க? மொத அடியிலயே பூட்டானா, இல்ல அவனும் எவனயாவது தூக்கப் போனானா? நான் தீவிரவாதி தீவிரவாதின்னு கத்திகினே இருந்துட்டேன். இத்த ஒருத்தன்கிட்டயும் கேக்கலயே."

ஃபோனை எடுத்து நீட்டினார். வீடியோவை ஓடவிட்டேன். எரிகிற கப்பல், புகை, நெருப்போடு குதிக்கிற மனிதன். முடிந்தது.

"மொதல்லேர்ந்து போடு," என்றார்.

மறுபடி போட்டேன். எரிகிற கப்பல். "அதுக்கும் மொதல்லேர்ந்து போடு தம்பி," என்றார். அந்த வீடியோவில் அதற்கு முன்னால் எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பவும் போட்டேன்.